பெரியபுராணத்து அடுக்களை

(அறுபத்துமூவர் விழா நாளில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



இன்று மாலை அறுபத்துமூவர் திருவுலாக் கண்டோம். நாயன்மார் ஒவ்வொருவராக நம் வீட்டு வாயில்களைக் கடந்து எழுந்தருளினர். அவர்களைத் தோளில் சுமந்து வந்த இளைஞர்களுக்குத் தாய்மார்கள் நீர்மோரும் பானகமும் கொடுத்ததையும் கண்டோம். இப்பொழுது திருமடைப்பள்ளியிலிருந்து பொங்கலின் நெய்ம்மணம் இப்பந்தல்வரை வந்து நிற்கின்றது. அம்மணத்துக்கும் இன்றைய பேச்சுக்கும் தொடர்பு உண்டு.

விழாக் குழுவினர் எமக்கு அளித்த தலைப்பு 'அமுது படைத்த அடியார்கள்' என்பதாகும். அதனைச் சற்றே சுருக்கி, அவ்வடியார்கள் வீட்டு அடுக்களையைப் பற்றி மட்டும் பேச எண்ணுகின்றோம். அடியார் வீட்டுத் திண்ணையைப் பற்றியும் கூடத்தைப் பற்றியும் பேசுவோர் பலர். அடுக்களைக்குள் நுழைந்து பேசுவோர் மிகச் சிலர். 38 ஆண்டுகளாகப் பெரியபுராணம் பேசிவரும் யாமும் நெடுங்காலம் அதனுள் நுழையாதவரே. எப்படி நுழைந்தோம் என்பதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கப் போகின்றோம்.

நூலில் படித்ததை அடுப்பில் ஏற்றிச் சமைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. மதுரையிலே ஆவணி மூலத் திருநாள் நடைபெறுகின்றது. பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் 61ஆவது திருவிளையாடல் மண் சுமந்தது. வந்தியம்மை என்னும் கிழவியார் பிட்டு அவித்து விற்றுப் பிழைத்தவர். வையைக் கரையை அடைக்க அவர் பங்குக்கு ஆள் இல்லை. கூலிக்கு வந்தவன் ஆலவாய்ச் சொக்கன். பேசிக்கொண்ட கூலி உதிர்ந்த பிட்டு. இன்றும் அந்நாளில் பெருமான் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகின்றான். பாண்டி நாட்டு வீடுகளில் பிட்டு அவிக்கின்றார்கள். பச்சரிசியை இடித்து, வறுத்து, உப்புநீர் தெளித்துப் பிசிறி, வேகவைத்து, வெல்லமும் தேங்காயும் ஏலமும் சேர்க்கின்ற அக்கையில் ஒரு படலம் முழுதும் இருக்கின்றது. அந்த அம்மையார் நூலைப் படித்தவரா, படியாதவரா என்பது வேறு. பிட்டு உதிர்ந்து போனால் அவர் வருந்துவதில்லை. 'உதிர்ந்தது சாமிக்கு' என்று சொல்லி எடுத்து வைப்பார்.

மார்கழித் திருவாதிரையில் களி கிண்டுகின்றோம். திருப்பல்லாண்டு பாடிய சேந்தனாரின் வீட்டில் மழைநாளில் அரிசிமாக் களியே கிட்டியது என்றும், அதனைத் தில்லைக் கூத்தன் வந்து உண்டான் என்றும் செவிவழி வரலாறு. அவருடைய திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையில் இருக்கின்றது. அவருடைய களி நம் வீட்டு உருளியில் இருக்கின்றது. காரைக்காலிலே ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் திருவுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைக்கின்றார்கள்; கீழே நிற்பவர்கள் மடியேந்திப் பிடிக்கின்றார்கள். கறியமுது ஆகாத வேளையில் பசித்து வந்த அடியாருக்குச் சோற்றுடன் மாங்கனியைப் படைத்த புனிதவதியாரின் கை அன்றோடு ஓயவில்லை என்பதற்கு அவ்விழாவே சான்று.

சமைத்தவன் இறைவனாகவே இருந்த இடங்களும் உண்டு. நாவுக்கரசர் திருப்பைஞ்ஞீலிக்கு வரும் வழியில் பசித்து இளைத்தபோது பொதிசோறு சுமந்து நின்றான். திருக்குருகாவூர் வழியில் சுந்தரருக்கும் அவருடன் வந்தார்க்கும் பந்தலிட்டுத் தண்ணீரும் பொதிசோறும் தந்தான். சைவத்தின் கடவுளுக்கு அடுக்களை அயலிடம் அன்று.

இவை யாவும் நீங்கள் அறிந்தவை. இனி யாம் அறியாதிருந்த ஒன்றுக்கு வருகின்றோம்.

11 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்றூரில் தொடர் சொற்பொழிவு. அன்று இளையான்குடி மாறனார் வரலாறு. மழையும் இருளும் பசியும் கலந்த அவ்வரலாற்றைச் சொன்னால் அவை உருகும், யாமும் உருகுவோம். அன்றும் அவ்வாறே ஆயிற்று. பேச்சு முடிந்து திருநீறு வழங்கும்போது, வயலில் நாற்று நட்டுப் பழகிய கையினராகிய ஒரு மூதாட்டியார் எம்மை அணுகினார். "ஐயா, ஒரு சந்தேகம். முளைவிட்ட நெல்லை ஆக்கினால் சோறாகுமா?" என்று கேட்டார்.

எமக்கு விடை தெரியவில்லை. அன்பினால் ஆயிற்று என்றோம். அவர் எம்மைச் சிறிது நேரம் பார்த்தார். "அன்பு சரிதான் ஐயா. நெல்லைக் கேட்டேன்" என்று சொல்லித் திருநீறு பெற்றுக்கொண்டு போய்விட்டார்.

எம் ஆசிரியப் பெருந்தகை எமக்குப் பெரியபுராணம் பாடஞ் சொன்னபோது, "சேக்கிழார் சொல்லில் காற்றுப் புகும் இடைவெளி இராது, நீ நுழைய முடியாத இடம் இருந்தால் குறை உன்னுடையது" என்று அடிக்கடி கூறுவார். அம்மொழி அன்று எம் நெஞ்சில் தைத்தது. ஊர் திரும்பியதும் எம் மனைவியாரிடம் இதனைச் சொன்னோம். அவர் எம்மைப் போல் நூலைத் தேடவில்லை. "விதை நெல் கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம்" என்றார்.

சமைத்ததைச் சொல்லும் முன்பு வரலாற்றைச் சுருக்கமாக நினைவு கூர்வோம். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள இளையான்குடியிலே உழவுத் தொழிலால் பெருவளம் பெற்றவர் மாறனார். வந்த அடியாரை எல்லாம் வரவேற்று அமுதளித்தவர். வளம் சுருங்கிற்று, மனம் சுருங்கவில்லை. நிலத்தை விற்றார், கடனும் பெற்றார், கொடுப்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் இரவு மழை, வீட்டில் உணவில்லை. கதவு தட்டும் ஓசை. நனைந்த திருமேனியோடு ஓர் அடியார். உள்ளே அழைத்து, ஈரம் துவட்டி, அமரச் செய்துவிட்டு, மாறனார் மனைவியாரிடம் சென்று, 'இவர் பசியைத் தீர்க்க என்ன செய்வோம்?' என்று கேட்கின்றார்.

அம்மையார் நிலைமையை மறைக்கவில்லை. வீட்டில் ஒன்றும் இல்லை; அக்கம்பக்கத்தார் இனித் தரமாட்டார்கள்; நேரமும் ஆகிவிட்டது. ஒன்று மட்டும் உண்டு. இன்று பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொண்டு வந்தால் இயன்ற அளவு அமுதாக்கலாம். அதையன்றி வேறு அறியேன் என்கின்றார். மாறனார் கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு இருளில் காலால் வழிதடவிச் செல்கின்றார். வெள்ளத்தில் மிதந்து ஒதுங்கிய முளைநெல்லைக் கையால் கோலி வாரிக் கூடை நிறையச் சுமந்து வருகின்றார். அம்மையார் வாயிலிலேயே எதிர்கொண்டு வாங்கி, சேறுபோக நீரில் கழுவுகின்றார். 'அடுப்பில் இட விறகு இல்லையே' என்கின்றார். மாறனார் வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தள்ளுகின்றார். அம்மையார் நெல்லை வறுத்து, குத்தி, அரிசியாக்கி உலையில் இடுகின்றார். 'கறிக்கு என்ன செய்வது?' மாறனார் புறக்கடைக் குழியில் அப்பொழுதுதான் தலையெடுத்த சிறுகீரையைத் தடவிப் பறித்து வருகின்றார். அந்த ஒன்றையே வெவ்வேறு கறிகளாகச் சமைக்கின்றார் அம்மையார். இதுவே வரலாறு.

இனி எம் வீட்டு அடுக்களைக்கு வாருங்கள்.

அயலூரில் வாழும் உழவர் ஒருவர் எம் அன்பர். விதைநெல்லை ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் ஊறவைத்து, வடித்து, ஈரச் சாக்கில் கட்டி மூட்டமிட்டு, வெண்முளை காட்டியபின் நாற்றங்காலில் தெளிப்பது அவர் வழக்கம். அவ்வாறு தெளித்த அன்று மாலை நாற்றங்கால் ஓரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு படி நெல்லைச் சேற்றோடு வாரி எம்மிடம் தந்தார். "எதற்கு ஐயா?" என்று கேட்டார். "ஆக்கிப் பார்க்க" என்றோம். அவர் சிரித்தார்; பிறகு மாறனார் பெயரைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திக் கூடையைத் துண்டால் மூடித் தந்தார்.

முதலில் கழுவுதல். சேறு எளிதில் போவதில்லை. முளைக்கும் உமிக்கும் இடையே அது புகுந்து நிற்கின்றது. ஐந்து நீர் மாற்றியும் ஆறாவது நீர் கலங்கலாகவே இருந்தது. எம் வீட்டில் குழாய்நீர் உண்டு, மின்விளக்கு உண்டு. அம்மையாருக்கு இருளும் மழைநீரும்தான்.

அடுத்து வறுத்தல். ஏன் வறுக்க வேண்டும் என்பதை யாம் அதுகாறும் எண்ணியதே இல்லை. ஈரநெல்லைக் குத்தினால் உமி பிரியாது. மாவும் உமியும் ஒன்றாகிச் சேறாகும். வெயிலில் உலர்த்தலாம் என்றால் இரவு, மழை. ஆகவே வறுத்தே ஈரத்தைப் போக்க வேண்டும். தீ மிகுந்தால் முளை கருகிக் கசக்கும். தீ குறைந்தால் நெல் வெந்து குழையும். எம் மனைவியார் ஓட்டைவிட்டு அகலாமல் கிண்டிக்கொண்டே நின்றார். சிறிது நேரத்தில் முளை சுருங்கி உதிர்ந்தது. இனிமையான ஒரு மணம் எழுந்தது. முளைக்கும் தானியத்தில் மாவின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகின்றது; அதனால் வந்த மணம் அது.

பிறகு குத்துதல். உரலும் உலக்கையும் எம் வீட்டில் கொல்லைப்புறத்தில் கிடந்தன. அவற்றை எடுத்துக் கழுவிக் குத்தியபோது அரிசி முழுதாக வரவில்லை. பெரும்பாலும் நொய்யாகவே வந்தது. முறத்தில் இட்டுப் புடைத்து உமி நீக்கியபின் இரண்டு படி நெல்லுக்கு முக்கால் படிகூட அரிசி தேறவில்லை. உலையில் இட்டால் விரைவில் வெந்தது. குழைந்த, சற்றே இனித்த சோறு. ஆம், மூதாட்டியாரே! முளைநெல் சோறாகும். கழுவி, வறுத்து, குத்தி, புடைத்து, காய்ச்சினால் ஆகும். சேக்கிழார் பெருமான் எவ்வரிசையில் சொன்னாரோ அவ்வரிசையில் ஒன்று தவறினாலும் ஆகாது. குன்றத்தூர் வேளாளர் குடியில் பிறந்து, 12ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசின் முதலமைச்சராக இருந்தவர் அவர். ஆயினும் ஈரநெல்லை என் செய்ய வேண்டும் என்பதை அறிந்திருந்தார். அடுக்களையில் நின்றவரைக் கேட்டு அறிந்திருக்க வேண்டும், அல்லது தாமே நின்று பார்த்திருக்க வேண்டும்.

கீரைக்கு வந்தோம். யாம் கடையிலிருந்து பருப்பு வாங்கி வரட்டுமா என்று கேட்டோம். "பருப்பு இருந்த வீடானால் அவர் ஏன் வயலுக்குப் போகிறார்?" என்றார் எம் மனைவியார். மிளகாயையும் விலக்கினோம்; அது போர்த்துக்கீசியர் வழியாக இந்நாடு வந்தது 1498ஆம் ஆண்டுக்குப் பின்பே; சேக்கிழார் கண்டறியாத பொருள். உப்பும் சிறிது மிளகும் மட்டுமே கொண்டார். தண்டைத் தனியே நறுக்கி வதக்கினார், இலையை மசித்தார், கொழுந்தை நீர்விட்டு வேகவைத்துச் சாறாக்கினார். ஒரு கீரை மூன்று கறியாயிற்று. ஒன்றுமில்லாத வீட்டில் விருந்தினர் இலை வெறுமையாகத் தோன்றக் கூடாது என்ற எண்ணம் எவ்வளவு நுட்பமானது! 'வெவ்வேறு கறி' என்று நூல் சொல்லும் இடத்தைப் பொருள்கூறிக் கடந்து சென்றிருக்கின்றோம், பல நூறு மேடைகளில்.

நெல்லைக் கழுவத் தொடங்கியதிலிருந்து இலை போடும்வரை மூன்றரை மணி நேரம் ஆயிற்று. யாம் அம்மூன்றரை மணி நேரமும் முக்காலியில் அமர்ந்து நூலைப் பார்த்து அடுத்த படியைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உணவு உண்டபின் எம் மனைவியார் ஒன்று கேட்டார். "முளைநெல்லைக் கொண்டுவரலாம் என்று நினைத்தது யார்?" மாறனார் என்று சொல்ல வாயெடுத்தோம். நூல் கண்முன் வந்து தடுத்தது. நினைத்தவர் அம்மையார். "அவர் கேட்டார், அந்த அம்மாள் சொன்னார். நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா?" என்றார்.

அவையோரே, இதனை எம் மனைவியாரின் இசைவு பெற்றே சொல்கின்றோம். அவர் இதோ தாய்மார் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.

யாம் சொற்பொழிவு முடித்து வீடு திரும்பும்போது தனியே திரும்பியது குறைவு. நான்கு பேர், ஆறு பேர் என்று உடன் அழைத்து வருவோம். 'அடியார் வந்திருக்கின்றார்கள்' என்று வாயிலில் நின்று குரல் கொடுப்போம். கூடத்தில் அமர்ந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம். சிறிது நேரத்தில் இலை விழும். அது எங்கிருந்து வந்தது, எத்தனைபேர் பங்கு குறைந்தது என்று நினைத்ததில்லை. ஒரு மழைக்கால இரவில் எட்டுப்பேரை அழைத்து வந்தோம். அன்று யாம் பேசிவிட்டு வந்ததும் மாறனார் வரலாறுதான். எண்மரும் உண்டு மகிழ்ந்து, 'மாறனார் வீடு இதுவே' என்று எம்மைப் புகழ்ந்து சென்றனர். யாமும் அப்புகழை ஏற்றுக்கொண்டோம். அன்று இரவு எம் மனைவியாரும் மூத்த மகளும் கஞ்சித் தண்ணீர் குடித்துப் படுத்தார்கள் என்பதை, நிகழ்ந்து 20 ஆண்டுகளுக்குப்பின், அம்முளைநெல் சமைத்த நாளில்தான் அறிந்தோம். அவர் குறையாகச் சொல்லவில்லை. பானையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டே, பழைய செய்தி ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னார்.

விருந்தோம்பலைப் பேசியவர் யாம். ஓம்பியவர் அவர். மாறனார்க்கும் எமக்கும் உள்ள வேறுபாடு பக்தியின் அளவில் மட்டும் இல்லை. மாறனார் ஒவ்வொரு படியிலும் மனைவியாரைக் கேட்டார்: என்ன செய்வோம் என்றார், நெல்லை வாரிக் கொடுத்தார், விறகில்லை என்றதும் கூரையை அறுத்தார், கறியில்லை என்றதும் மறுபடி இருளில் இறங்கினார். அம்மையார் சொன்ன ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவர் உடம்பு எழுந்து நடந்தது. அமுது படைத்தது அவ்விருவரும் சேர்ந்து. சேக்கிழார் அவ்வம்மையாரின் பெயரைச் சொல்லவில்லை; செயலைச் சொன்னார். செயலையும் விட்டுவிட்டுப் பேசியவர் எம் போன்றோரே.

இங்கே ஒரு வினா எழலாம். நூலில் உள்ளவற்றையெல்லாம் இவ்வாறு செய்து பார்க்கலாமா? ஆகாது. காளத்தியில் கண்ணப்பர் படைத்த ஊனமுது உண்டு. திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் வீட்டு அமுது உண்டு. நம் சாத்திர நூல்கள் பதினான்கனுள் ஒன்றாகிய திருக்களிற்றுப்படியார் மெல்வினை, வல்வினை எனச் சிவச்செயல்களைப் பகுத்துக் காட்டுகின்றது. வல்வினை, தன்னை முற்றும் மறந்தார்க்கு நிகழ்வது; நாம் திட்டமிட்டுச் செய்வதன்று. சித்திரைப் பரணியில் திருச்செங்காட்டங்குடியில் அமுது படையல் விழா காண்கின்றோம், கண்டு வணங்குகின்றோம், அத்தோடு நிற்கின்றோம். மெல்வினையே நமக்கு உரியது. கழுவுதல், வறுத்தல், குத்துதல், காய்ச்சுதல், இலை போடுதல், இவை மெல்வினை.

அரிவாட்டாய நாயனார் வரலாற்றையும் அவ்வாறே கொள்ள வேண்டும். கணமங்கலத்துத் தாயனார் நாள்தோறும் பெருமானுக்குப் படைத்தது செந்நெல் அரிசிச் சோறு, செங்கீரை, மாவடு என்னும் மூன்று. வறுமை வந்தபோது கூலிக்கு நெல்லறுத்தார். கூலியாகப் பெற்ற செந்நெல் இறைவனுக்கு, கார்நெல் தமக்கு. எங்கும் செந்நெல்லே விளைந்து கார்நெல் கூலி கிட்டாதபோது இலைக்கறியும், பின் தண்ணீருமே உணவு. ஒருநாள் படையலைச் சுமந்து செல்கையில் தளர்ந்து வீழ்ந்தார். அமுது நிலவெடிப்பில் சிந்திற்று. அரிவாளைத் தம் கழுத்தில் பூட்டிய அளவில், வெடிப்பிலிருந்து எழுந்த கை தடுத்தது; மாவடுவைக் கடித்த ஓசையும் கேட்டது. அந்த அரிவாள் வல்வினை, அதனைத் தொடாதீர்கள். அம்மூன்று உணவையும் சமையுங்கள். அவருடைய குருபூசை தைத் திருவாதிரை. தையில் மரத்தில் வடு இராது. ஆகவே மாசி, பங்குனியில் வரும் வடுவை உப்பிலிட்டு அடுத்த தைவரை காக்க வேண்டும். இதுவும் எம் மனைவியார் சொல்லித்தான் எமக்குத் தெரிந்தது. பத்து மாதம் முன்பே நாயனாரை நினைத்தால்தான் குருபூசையன்று மாவடு கிட்டும். ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் தைத் திருவாதிரை நினைவுக்கு வருகின்றது. இவ்வரலாற்றிலும் ஒன்றைக் காண வேண்டும்: தாயனார் வீழும்போது தாங்கிப் பிடித்த கை பின்னால் ஆனைந்து ஏந்தி வந்த மனைவியாருடைய கை. அவரும் பட்டினியே கிடந்தவர்.

இப்பொழுது எம் வீட்டில் ஆண்டுதோறும் ஆவணி மகத்தன்று, மாறனார் குருபூசை நாளில், முளைநெல் அமுது ஆக்குகின்றோம். நெல்லைக் கழுவுவதும் குத்துவதும் எம் பொறுப்பு. முதல் ஆண்டு முளையைக் கருக்கிவிட்டோம், சோறு கசந்தது. 'மாறனாரே வறுத்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்' என்று எம் மனைவியார் தேற்றினார். இப்பொழுது ஓரளவு கை பழகிவிட்டது. முதல் இலை வந்தவருக்கு. இரண்டாம் இலை ஆக்கியவருக்கு. இதுவே எம் வீட்டு முறை. யாரையும் அழைத்து வரும்முன் கேட்கின்றோம். கேட்டபோது அவர் ஒருநாளும் இல்லை என்றதில்லை. கேட்கப்பட்டதனால் உண்டாகும் முகமலர்ச்சி மட்டும் புதிது.

அடுத்த ஆண்டு அதே சிற்றூருக்குச் சென்றோம். அம்மூதாட்டியாரைத் தேடி, "சோறாகும் அம்மா, ஆக்கிப் பார்த்தோம்" என்றோம். அவர் மகிழ்ந்தார். உடனே இன்னொரு வினாவை எழுப்பினார்: "அந்தச் சோற்றை யார் சாப்பிட்டார்கள் ஐயா?"

எண்ணிப் பாருங்கள், அன்பர்களே. அமுது ஆயிற்று. மாறனார் அடியாரை அமுது செய்ய எழுந்தருளுமாறு வேண்டினார். அப்பொழுதே அவ்வடியார் சோதியாய் எழுந்தார். பின்னர் உமையம்மையுடன் விடைமேல் காட்சி தந்து, இருவரையும் தம் உலகில் இன்புற்றிருக்க அருளினார். அவர் உண்ணவில்லை. மாறனாரும் மனைவியாரும் உண்டதாகவும் நூலில் இல்லை. அத்துணைப் பாடுபட்டு ஆக்கிய சோறு இலையிலேயே இருக்கின்றது.

மூதாட்டியாருக்கு யாம் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்லி அமைகின்றோம். அது அடுத்து வருபவருக்கு வைத்த சோறு. இன்றிரவு இவ்விழா முடிந்து வீடு செல்லும்போது வெளியூரிலிருந்து வந்தவர் எவரேனும் மண்டபத்து ஓரத்தில் பசியோடு படுத்திருக்கலாம். அவரை அழைத்துச் செல்லுங்கள். அழைக்குமுன் வீட்டிலுள்ளாரைக் கேளுங்கள். கேட்டபின் நீங்களும் அடுக்களைக்குள் செல்லுங்கள். ஆக்கியவர் உண்டாரா என்று பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள். அதுவே மாறனாருக்கும், பெயர் சொல்லப்படாத அவ்வம்மையாருக்கும் நாம் செய்யும் குருபூசை.

மடைப்பள்ளியில் பொங்கல் இறக்கிவிட்டார்கள் போலும். விறகடுப்பின் முன்னே பிற்பகலிலிருந்து வெந்து நிற்கும் மடைப்பள்ளிப் பணியாளர்களுக்கு முதற்கண் ஒரு தொன்னை கொடுத்துவிட்டு நாம் பெற்றுக்கொள்வோமாக.

திருச்சிற்றம்பலம்